ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்த யாழினி

காலை ஏழு மணிக்குத் தொட்டியத்தில் பஸ் ஏறினோம். திருச்சி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நான், என் தங்கை செல்வி, அவள் கணவர் முருகேசன், அவர்களுடைய இரண்டரை வயது மகள் யாழினி.

போன மாதம்தான் டாக்டர் சொன்னார். யாழினிக்குக் கண் நரம்பில் குறை. கண்ணாடி போட்டாலும் வெளிச்சமும் மங்கலான உருவமும்தான் தெரியுமாம். அன்றிலிருந்து செல்வி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. இப்படியே போனால் நடக்கிற பிள்ளை நடையையே மறந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயம்.

எனக்குத் தனியாக வேறு ஒரு வெட்கம். பிறந்ததிலிருந்து அவள் முன்னால் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி எவ்வளவோ வித்தை காட்டியிருக்கிறேன். அவள் சிரித்ததே இல்லை. பிள்ளைக்கு ரசனை போதாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நாங்கள் போக வேண்டியது ஸ்ரீரங்கம். அங்கே போகிறவர்கள் திருவானைக்காவலிலேயே இறங்கிவிடலாம். எல்லாம் தெரிந்த நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுவரை டிக்கெட் எடுத்திருந்தேன். அங்கே இறங்கி, வந்த வழியே டவுன் பஸ்ஸில் திரும்பினோம்.

“வழி தெரியும்னீங்களே அண்ணே?”

“தெரியும்மா. காவேரியை ரெண்டு தடவை பாக்கலாமேன்னுதான்.”

முருகேசன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதுகூட வாய்க்கால்தான் சத்தம் போடும்.

பத்தரை மணிக்குச் சித்திரை வீதி. வைதேகி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். பேங்க்கில் வேலை, ஆஸ்பத்திரியில் அறிமுகமானவர். இவர் மகளுக்கும் பிறவியிலிருந்தே பார்வை குறைவு. எங்களைப் போன்ற பெற்றோர் வந்து பேசட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைத் திறந்து வைத்திருக்கிறார்.

“வாங்கோ, உக்காருங்கோ. பொண்ணு காந்தி மார்க்கெட் போயிருக்கா.”

“யாரோட?” என்றாள் செல்வி.

“தனியாத்தான்.”

“அந்தக் கூட்டத்துலயா? எனக்கே அங்க வழி தெரியாதுங்க!”

“யாழினீ! அத்தைக்கு வணக்கம் சொல்லு!” என்று நான் கத்தினேன். டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருமே அவளிடம் இப்படித்தான் கத்துகிறோம்.

“அவளுக்குக் காது நன்னாக் கேக்கும் சார். நேக்குத்தான் கேக்காமப் போயிடும் போலருக்கு” என்றார் வைதேகி அம்மாள். பிறகு யாழினியின் காலைத் தொட்டுப் பார்த்தார். “கொலுசு புதுசா?”

“இப்பத்தான் போட்டேங்க. எங்க போறான்னு எனக்குத் தெரியணும்ல.”

“உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே. நீங்க எங்க இருக்கேள்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?”

செல்வியின் காலில் மெட்டி மட்டும்தான். வைதேகி அம்மாள் தம் கொலுசைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி ஏன் ஜல் ஜல் என்று நடக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“இறக்கி விட்டுட்டு, கூடத்தோட அந்தக் கோடிக்கு நடங்கோ.”

செல்வி இறக்கினாள். கை மட்டும் வரவில்லை. முருகேசன்தான் அந்தக் கையை மெதுவாக விலக்கினார். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளம். செல்வியின் கொலுசுச் சத்தம் தள்ளிப் போனதும் யாழினி அழுதாள். செல்வி திரும்பி ஓடிவரப் பார்த்தாள்.

“ஓடி வராதீங்கோ. அங்கேயே காலைத் தட்டுங்கோ.”

செல்வி அழுதுகொண்டே தட்டினாள். அழுகை நின்றது. யாழினி ஓர் அடி வைத்தாள்; இன்னொன்று வைத்தாள். வழியில் இருந்த ஒரே தடை நான்தான். என் தொப்பையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். தூண் என்று முடிவுசெய்திருக்க வேண்டும்; சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுச் சிரித்தாள். இவ்வளவு நாள் காட்டிய வித்தைக்கு வராத சிரிப்பு!

“நீங்க நகந்திருக்கலாம் சார்.”

“நகந்துட்டுதாங்க இருந்தேன். உடம்பு பின்னால வருது.”

சாப்பிட்டுவிட்டு, வைதேகி அம்மாளின் கொலுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம். கடைத்தெருவில் செல்விக்குக் கொலுசு வாங்கினோம். இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடுவது எது என்று கேட்டதில் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். டோல்கேட்டில் முசிறி வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது யாழினி இடுப்பில் இல்லை. ஜன்னலோரம் தனி சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முருகேசன் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“கண்ணு, இப்ப ரெண்டு பக்கமும் வாழை. காத்துல இலை படபடங்குது, கேக்குதா? இதோ, அந்த ஈரவாடை வாய்க்கா.”

அவர் தொடர்ச்சியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சும்மா இருக்க முடியுமா?

“மாப்ளே, அது வாழையில்ல, கரும்பு…”

“மச்சான், கொஞ்சம் பேசாம வாங்க. அவ கேட்டுக்கிட்டு வர்றா.”