மாப்பிள்ளையின் ஈரல்

எலிகளின் ஈரலில் கொழுப்பு எப்படிச் சேருகிறது, எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி பெங்களூரு ஆய்வகத்துக்குப் போய்வருகிறேன். "எலிக்குக் கொழுப்பு ஏறுனா உனக்கென்னண்ணா வந்துச்சு?" என்று என் தங்கை கேலி செய்வாள். அவளுடைய ஈரலே சுருங்கிப்போன பிறகு அந்தக் கேலி நின்றுவிட்டது.

ஒரு சொட்டு மது தொடாதவள். யாராவது பாதி ஈரல் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். என் ரத்த வகை பொருந்தவில்லை. அவள் கணவருக்குப் பொருந்தியது. தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். ஆனால் ஸ்கேனில் அவர் ஈரல் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டி எடுத்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து, ஆறு வாரத்தில் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சோறும் இனிப்பும் குறைங்க மாப்பிள்ள. நல்லா நடங்க." அது போதும் என்று நினைத்த என் மண்டைக்கனத்தை என்னவென்று சொல்ல.

ஆறாவது வாரம் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்தது. எனக்கு ஒரே பெருமை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கொழுப்பு குறையவில்லை, முன்னைவிடக் கூடியிருந்தது.

வராந்தாவில் வைத்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி பிழைத்தெழுந்து நடக்கிறவரை அன்னம் தொடுவதில்லை என்று மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டாராம். முதலில் பழமும் பாலுமாக இருந்தவர், கடைசிப் பத்து நாளும் ராத்திரிக்கு ஒரு டம்ளர் பால், மற்றபடி வெறும் தண்ணீர். வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஷிப்ட்டில் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

பட்டினி போட்டால் உடம்பு சும்மா இருக்காது. தொப்பையிலும் தொடையிலும் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். அணையில் ஷட்டரைத் திறந்துவிட்ட மாதிரி அது அங்கே வந்து தேங்கும். எலிகளில் எத்தனையோ தடவை பார்த்தவன், இவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் அவர் மேலேயே பாய்ந்தேன்.

"உங்க பக்தியே என் தங்கச்சியக் கொன்னுடும்."

இப்படியொரு மனிதரைத் திட்டிவிட்டோமே என்று அப்போதே வெட்கமாக இருந்தது.

இன்னும் ஆறு வாரம்தான், அதற்கு மேல் அவள் தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். மாப்பிள்ளையோ சாமிக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார். என் விஞ்ஞானம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருந்த தங்கைதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். தட்டில் ராகிக் களியும் கீரையும் வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"சாமி உங்ககிட்ட ஈரலையா கேட்டுச்சு? டாக்டர்தான் கேட்டாரு. குத்தம்னா என் தலையில விழட்டும், சாப்புடுங்க."

அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அதன்பிறகு வேளை தவறாமல் அளவாகக் களி, கொள்ளு, முட்டை. காலையில் கெலவரப்பள்ளி வாய்க்கால் ஓரமாக நானும் அவரோடு நடந்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருந்தது. என் துறைதான், படித்ததுதான். ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

மூன்று மாதம் கழித்து இருவரும் பரிசோதனைக்கு நடந்தே வந்தார்கள். டாக்டர் இரண்டு பேர் ஸ்கேனையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். அவளுக்குள் போன பாதி, ஏறக்குறைய முழுசாக வளர்ந்திருந்தது. அவருக்குள் மிஞ்சியதும் அதேபோல வளர்ந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவளுக்கும் முழுசு, எனக்கும் முழுசு. அப்ப நான் என்னத்தக் குடுத்தேன் மச்சான்?"

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.