இரண்டாம் பக்கம், மாலை ஆறரைக்கு மேல்

1985 ஆவணியில் நாங்கள் ஒரு காசெட் பதிவு செய்தோம். 'நாங்கள்' என்று சொல்ல எனக்குப் பாதி உரிமைதான் உண்டு. திருச்சியில் ராக் இசை வாசித்த அந்த நான்கு பேர் குழுவில் நான் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. பாடவும் வராது. பம்பாய்க்கு மாற்றலாகிப் போன அத்திம்பேர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டரை விட்டுப் போயிருந்தார். அதை இயக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு காரணம் என் டைரி. பதினைந்து வயதிலிருந்து நாள் தவறாமல் எழுதுகிறேன். கிழமை, நேரம், சந்தித்தவர்கள், படித்த புத்தகம், மழை உண்டா இல்லையா, எல்லாம் இருக்கும். குழு எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பாட்டின் நடுவில் மின்சாரம் போனது என்பதும் அதில் ஏறியது. அதனால் எனக்குப் 'பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கிதார் வாசித்தவர் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் வேலை பார்த்தார். டிரம்ஸ்காரன் உறையூர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. பேஸ் கிதார் வாசித்தவர் பாலக்கரையில் செருப்புக் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, எல்லோருக்கும் 'பாய்'. பாடியவர் மேலப்புதூரில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார், மற்ற நாட்களில் எங்களோடு. அவரை டீச்சர் என்போம். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். பாட்டெல்லாம் நாங்களே எழுதியவை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டரோடு நடக்கும் சில்லறைச் சண்டையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

உறையூரில் டிரம்ஸ்காரனின் சித்தப்பா வைத்திருந்த நூல் கிடங்கில் பதிவு நடந்தது. சுற்றிலும் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் எதிரொலி கிடையாது. முதல் பக்கத்து நாலு பாட்டையும் ஒரு ஞாயிறு காலையில் எடுத்தோம். அன்று டீச்சர் மத்தியானம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மீதி நாலு பாட்டை செவ்வாய்க்கிழமை பள்ளி விட்ட பிறகு எடுத்தோம். எடுத்தவுடன் அங்கேயே போட்டுக் கேட்டோம், நன்றாக இருந்தது. இதற்கிடையில் பாய்க்கு வளைகுடாவில் வேலை உறுதியானது. காசெட்டை வெளியிட்டு இரண்டு கிளப்புகளில் வாசித்துவிட்டு அவரை ரயிலேற்றுவது என்று முடிவு செய்தோம். அதன் பிறகு குழு இருக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மெயின்கார்டு கேட் பக்கம் இருந்த ஒரு காசெட் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்தோம். அந்தக் கடையில் ஸ்பூல் கருவி கிடையாது. அதனால் என் பெட்டியையே கடையில் கொண்டுபோய் வைத்தேன். தன் ஸ்டெபிலைசரைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். "ஊரே அணைஞ்சாலும் என் கடையில வோல்டேஜ் ஒரு நூல் அசையாது, பாத்துக்கங்க."

புரட்டாசி முதல் சனிக்கிழமை வெளியீடு. பொன்மலைப் பக்கம் ஒரு மனமகிழ் மன்றத்தில் மாலை ஆறு மணிக்கு. நான் மூன்று மணிக்குக் கடைக்குப் போயிருக்க வேண்டும். புரட்டாசிச் சனி என்பதால் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. ஒரு காசெட்டை எடுத்து முதல் பக்கத்தைக் கேட்டேன். பிரமாதம். இரண்டாம் பக்கத்துக்கு நேரமில்லை. ஸ்பூல் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, காசெட்டுகளைக் கட்டிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து டைரியில் எழுதினேன்: 'இரு பக்கமும் கேட்டுச் சரிபார்த்தேன்.' பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன். என் டைரியில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

மன்றத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. ஆறு மணிக்கு எங்களுக்கு என்று சொல்லியிருந்த மேடையில், எண்களைக் கூப்பிட்டுச் சீட்டில் அடிக்கும் ஹவுஸி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இருப்பது ஒரே மைக். செயலாளர் ஒரு எண் சொல்வார், நாங்கள் ஒரு பாட்டு வாசிப்போம், அவர் மறுபடி மைக்கைப் பிடுங்கிக்கொள்வார். பஸ் பாட்டில் கண்டக்டர் கத்தும் இடம் வந்தபோது, "டூ லிட்டில் டக்ஸ், ட்வென்ட்டி டூ!" என்றார். தன் சீட்டில் எல்லா எண்ணும் விழுந்துவிட்ட ஒரு அம்மாள் "ஹவுஸ்!" என்று கூவி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். டிரம்ஸ்காரன் நிறுத்தவில்லை. "அடிச்சிட்டே இருடா, பரிசு நமக்குன்னு நெனச்சுக்க" என்று பாய் கத்தினார். கூட்டத்துக்கு அதுவும் பிடித்திருந்தது.

பிறகு செயலாளர் காசெட்டை வெளியிட்டார். உறையைப் பிரித்து, "எல்லாரும் கேக்கணும்ல" என்று சொல்லி ஒலிபெருக்கியில் போட்டார். கைக்கு வந்தது இரண்டாம் பக்கம்.

வந்தது டீச்சரின் குரல் இல்லை. பொம்மைக்குச் சாவி கொடுத்தது போல ஒரு கீச்சுக் குரல் அவசர அவசரமாகப் பாடியது. கிதார் கொசு போல ரீங்கரித்தது. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பின் வரிசையிலிருந்து யாரோ, "எலி பாடுதுடா டேய்!" என்றார்கள். மண்டபமே சிரித்தது. சிரித்ததில் கெட்ட எண்ணம் ஏதும் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. ஆனால் டீச்சர் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே ஸ்பூல் பெட்டியைக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்து போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் சரி, இரண்டாம் பக்கம் எலி. அப்படியானால் தவறு கடையில் நடக்கவில்லை. நான் பதிவு செய்ததிலேயே இருக்கிறது. டைரியில் ஆவணிச் செவ்வாயைப் புரட்டினேன். 'மாலை 6.50 முதல் 8.40 வரை. வோல்டேஜ் மிகக் குறைவு. டியூப்லைட் பிடிக்கவில்லை. பல்பு பீடி நுனி போல இருந்தது. டீச்சர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டைப் பார்த்துப் பாடினார்.'

இரண்டு முறை படித்ததும் விளங்கியது. வோல்டேஜ் இறங்கியபோது பெட்டியின் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அன்றே, அதே வோல்டேஜில் போட்டுக் கேட்டதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடைக்காரரின் அசையாத ஸ்டெபிலைசரில் அது வேகமாக ஓடி, குரலும் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் தம்பி கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்து, "பஞ்சாங்கம் வந்திருக்கார்" என்றான். டீச்சர் வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எல்லா காசெட்டையும் அழிச்சிடுங்க. அடுத்த ஞாயிறு கிளப்புக்கு நான் வரலை."

"டீச்சர், அது உங்க குரல் இல்லை."

"சமாதானம் சொல்லாதீங்க. மெஷினுக்கு என்ன, உள்ளதைத்தானே காட்டும்? நேத்து கோயில்ல நான் பாடவே இல்லை, தெரியுமா? வாயை மட்டும் அசைச்சேன். ஃபாதர்கூட பாத்துட்டார். இத்தனை வருஷமா எல்லாரும் மரியாதைக்காக சும்மா இருந்தாங்களோன்னு தோணுது."

காசெட் போனால் போகிறது என்று நான் நினைத்திருந்தேன். அவர் பாடுவதையே நிறுத்திவிடுவார் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. டைரியை அவர் கையில் கொடுத்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். படித்தார். பிறகு சனிக்கிழமைப் பக்கத்தையும் காட்டினேன். "இந்த டிக் பொய். ரெண்டாம் பக்கத்தை நான் கேக்கவே இல்லை. கேட்டிருந்தா மேடைக்கே வந்திருக்காது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க? டைரியில? பொய்யா?"

"ஆமாம்."

"இது அந்த எலியைவிடப் பெரிய அதிசயமால்ல இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. ஆனால், "உக்காருங்க" என்றார். பாய் ரயிலேற இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாலு பாட்டையும் மறுபடி எடுக்க நேரமில்லை, பாய் தன் பாதிச் சாமானை விற்றாகிவிட்டது, பேஸ் கிதார் உட்பட. இரண்டாவது நிகழ்ச்சிக்கு இரவல்தான். ஒரே வழி, அதே குறைந்த வோல்டேஜில் ஸ்பூலை ஓடவிட்டு, பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரில் பிரதி எடுப்பது. தெருவில் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் பேட்டரியின் வேகம் மாறாது. டீச்சர் கடைசியில், "என் காதால கேட்டப்புறம் சொல்றேன்" என்றார்.

வோல்டேஜை வேண்டிய அளவு இறக்கும் கருவி கிதார்காரரின் லேபில் இருந்தது. வெளியே எடுக்கத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை. ஆகவே செவ்வாய் மாலை ஆறு மணிக்கு எல்லோரும் உறையூர் நூல் கிடங்கில் கூடி, வோல்டேஜ் இறங்கக் காத்திருந்தோம்.

இறங்கவில்லை. மத்தியானம் பெய்த மழையில் தெரு குளிர்ந்திருந்தது. எந்த வீட்டிலும் மின்விசிறி ஓடவில்லை. ஆறரை ஆனது, ஏழு ஆனது. பல்பு பளீரென்று எரிந்தது. எலி பாடிக்கொண்டே இருந்தது. டீச்சர் ஒரு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷம் பூரா லோ வோல்டேஜுன்னு ஈபி ஆபீசுக்கு மனு கொடுக்கிற தெரு இது" என்றான் டிரம்ஸ்காரன். "இன்னிக்குன்னு பாத்து ஒழுங்கா இருக்கு."

கிடங்கை ஒட்டிய வீட்டிலிருந்து அவன் சித்திதான் எட்டிப் பார்த்துக் கேட்டார். "என்னடா, துக்க வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கரண்டு குறையணும் சித்தி."

"குறையணுமா? இதுக்கா இவ்வளவு நேரம்? நான் கிரைண்டரைப் போட்டாலே எதிர்வீட்டு லைட்டு கண்ணடிக்கும். இருங்க."

அடுத்த பத்து நிமிடத்தில் சித்தி தெருவில் இறங்கிவிட்டார். "ஏ பொண்ணு, நாளைக்கு மாவு ஆட்டணும்னியே, இப்பவே ஆட்டிடேன். அரிசி ஊறிடுச்சில்ல?" என்ற குரல் வீடு வீடாகப் போனது. ஒரு கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. பிறகு இரண்டாவது. ஒரு வீட்டில் கிணற்று மோட்டார். பல்பு மஞ்சளானது. ஸ்பூலின் வேகம் தளர்ந்தது. எலி மெல்ல மெல்ல ஒரு சிறுமியாகி, சிறுமி வளர்ந்து ஒரு இளம்பெண்ணானாள். கிதார்காரர் அந்தப் பாட்டின் முதல் சுரக்கூட்டை, அந்தக் கார்டை, மீட்டிக்கொண்டே ஒப்பிட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்... இன்னும்..." டிரம்ஸ்காரன் வாசலுக்கு ஓடி, "சித்தி, இன்னொண்ணு!" என்றான். யாரோ இஸ்திரிப் பெட்டியைச் செருகினார்கள். குரல் தடாலென்று இறங்கி ஆண்குரலானது.

"அய்யோ, இது எங்க வாப்பா!" என்றார் பாய். "இஸ்திரியை எடுக்கச் சொல்லுடா!"

இஸ்திரி எடுக்கப்பட்டது. பல்பு பீடி நுனிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நூல் மூட்டைகளுக்கு நடுவே அந்தக் கரகரத்த, கனமான குரல் வந்தது. கிதார்காரரின் கார்டு அதன் மேல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு பல்லவி முடிந்தது.

"நான்தான்" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "இது நான்தான், இல்லீங்களா?"

"வேற யாரு டீச்சர்" என்றார் பாய்.

ஸ்பூலை ஆரம்பத்துக்குச் சுற்றி, நாலு பாட்டையும் பேட்டரிப் பெட்டியில் ஒரே மூச்சில் பிரதி எடுத்தோம். கிரைண்டர்கள் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று டிரம்ஸ்காரன் தெருவில் காவல் நின்றான். கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமையிலிருந்து அப்போதுதான் முழு மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன். அந்தத் தெருவில் மறுநாள் எல்லா வீட்டிலும் இட்லி. எங்களுக்கும் ஒரு தூக்கு வந்தது.

புதுப் பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னபோது, "அப்ப என் ஸ்டெபிலைசர் மேல தப்பில்லைல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சனிக்கிழமைக்குள் எல்லாக் காசெட்டிலும் இரண்டாம் பக்கத்தை மாற்றிக் கொடுத்தார். இம்முறை அவர் மாற்றித் தரத் தர, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். மூன்று சாயங்காலங்கள் பிடித்தது. டைரியில் அந்தப் பழைய டிக்குக்குக் கீழே, 'தவறு. கேட்கவில்லை' என்று எழுதினேன். டிக்கை அழிக்கவில்லை.

ஞாயிறு காலை டீச்சர் கோயிலில் பாடினார். நான் உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடையில் நின்று கேட்டேன். ஏழு பேர் பாடினாலும் அவர் குரல் தனியாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கன்டோன்மென்ட் பக்கத்து கிளப்பில் இரண்டாவது நிகழ்ச்சி. இங்கே ஹவுஸி இல்லை. பதிலாக ஒரு பிறந்த நாள் விழா, நாற்பது குழந்தைகள், பலூன்கள். பொன்மலைக் கதை எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "எலிப் பாட்டு போடுங்க சார்!" என்று முன்வரிசையில் ஆரம்பித்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் நான் காசெட்டைப் போட்டேன், இரண்டாம் பக்கத்தை. ஒலிபெருக்கியில் அந்தக் கனமான குரல் வந்தது. கூட்டம் கொஞ்ச நேரம் எதிர்பார்த்துக் காத்திருந்துவிட்டு ஏமாந்துபோனது.

"எலி எங்கே?" என்று ஒருவர் கத்தினார்.

டீச்சர் மைக்கை எடுத்தார். "எலி இன்னிக்கு லீவு. நான்தான் இருக்கேன், பொறுத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இம்முறை அவரும்தான். நான் காசெட்டை நிறுத்தினேன். அவர் அதே பாட்டை, அது விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை பாயை ரயிலேற்றினோம். அவர் பையில் இரண்டு காசெட்டுகள் இருந்தன. அந்த ஸ்பூல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் அட்டைப் பெட்டியில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பும் உண்டு: 'இரண்டாம் பக்கம் மாலை ஆறரைக்கு மேல், உறையூரில், கிரைண்டர்கள் ஓடும்போது மட்டும்.'