களி வண்டியை உடைச்ச வாரத்துல நான் கேட்ட செபம்

என் பேரு ஆரோக்கியமேரி. செஞ்சிதான் எனக்கு ஊர். நான் சொல்லப் போறதுல சந்தோஷம் கொஞ்சந்தான் இருக்குது. கடவுள் செஞ்சதைச் சாட்சி சொல்றப்போ, கேட்டதெல்லாம் கிடைச்ச மாதிரியே நாம சொல்லிடறோம். எனக்கு அப்படி நடக்கல. நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

அது ஜப்பான்காரனோட யுத்தம் நடந்த காலம். அசாம் பக்கம் ரோடு போட கூலிக்கு ஆள் எடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு சவரிமுத்துவும் போனாரு. நாலு மாசம் கடுதாசி வந்துச்சு. அப்புறம் காய்ச்சல்ல இறந்துட்டாருன்னு ஒரே ஒரு தாள் வந்துச்சு. முகத்தைக்கூட பார்க்கல. எங்களுக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ பிலோமினாவுக்கு எட்டு வயசு, சின்னவ லூர்துக்கு நாலு. அவரு விட்டுட்டுப் போனது ஒத்தை மாட்டு வண்டியும் அந்த மாடும்தான்.

அரிசி கண்ணுல படாத நேரம் அது. திண்டிவனம் ரோட்டுல ஜல்லி உடைக்கறவங்க, மல்லாட்டைன்னு நாங்க சொல்ற வேர்க்கடலைக் களத்துல தோல் உரிக்கற பொம்பளைங்க எல்லாம் மத்தியானம் தண்ணியைக் குடிச்சுட்டு வேலை செய்வாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. காலையில கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வெச்சு, ரெண்டையும் வண்டியில ஏத்திக்கினு கிளம்பினேன். பசங்களும் வண்டியிலயே உட்கார்ந்துக்குவாங்க. "புருஷன் செத்து வருஷம் திரும்பல, ரோட்டுல சோறு விக்கறா"ன்னு என் காதுபடவே பேசினாங்க. சில பேரு என் கையால வாங்கித் தின்ன மாட்டாங்க. பசிச்சவங்க வாங்கினாங்க. ராஜகிரி மலையைச் சுத்தி எந்தெந்த இடத்துல வேலை நடக்குதோ அங்கெல்லாம் வண்டியை ஓட்டிக்கினு போவேன். அப்படியே மூணு மாசம் வயிறு காயாம ஓடுச்சு.

ஒரு நாள் ஜல்லி உடைக்கற முருகேசன் என்கிட்ட களி வாங்கினாரு. பாதி உருண்டை தின்னிருப்பாரு. புளியமரத்தடியில போய்க் குனிஞ்சவரு நிமிரல. வாந்தி, பேதி. மறுநாள் காலையில செத்துட்டாரு. அந்த வாரத்துலயே இன்னும் மூணு பேரு போயிட்டாங்க.

கடைசி ஆளு செத்த மறுநாள் நாலஞ்சு ஆம்பளைங்க என் வண்டியை மறிச்சாங்க. தினமும் என்கிட்ட தின்னவங்கதான்.

"சோத்துல இன்னாத்தைக் கலந்தே?"

"நானும் எம் பசங்களும் அதைத்தானே துன்னோம். நாங்க நிக்கலையா?"

யாரும் காதுல போட்டுக்கல. களிப்பானை, குழம்புச் சட்டி எல்லாத்தையும் ரோட்டுல போட்டு உடைச்சாங்க. ஜல்லி உடைக்கற சுத்தியாலயே வண்டி அச்சை உடைச்சாங்க. மாட்டைப் பிடிச்சுக்கினு, ரெண்டு பசங்களோட வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு என் பசங்க ரெண்டு பேருக்கும் அதே வாந்திபேதி. "பார்த்தியா, அவ சோறுதான்"னு ஊரே சொல்லுச்சு. ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. நோயாளிக்குத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். அதனால லூர்து தண்ணி தண்ணின்னு கேட்டும் நான் குடுக்கல. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அவ அடங்கிட்டா. தூக்க ஆள் இல்ல. நானே தோள்ல போட்டுக்கினு கல்லறைக்குப் போனேன். கோயில் பாதிரி சாமியார் ஊர்ல இல்ல. கோயில்ல செபம் சொல்லித் தர்ற உபதேசியார் மட்டும் வந்து செபம் வாசிச்சு, குழியும் அவரே வெட்டினாரு.

திரும்பி வந்து மாதா படத்துக்கு முன்னாடி நின்னேன். முட்டி போடல. "சர்வேசுரா, ஒருத்தியை எடுத்துக்கினே. இவளையாவது விடு. இந்த வூட்டுக்கு ஒரே ஒரு மனுஷரை அனுப்பு"ன்னு கத்தினேன். அது செபமா சண்டையா, எனக்கே தெரியல.

மறுநாள் காலையில கதவைத் தட்டற சத்தம். திறந்தா, முருகேசன் பொண்டாட்டி கன்னியம்மா. நான் வாசப்படியை மறிச்சு நின்னேன்.

"அடிக்கறதுன்னா என்னை அடி. பொண்ணை ஒண்ணும் பண்ணாத."

"அடிக்க வரல யக்கா. அவருக்கு அன்னிக்குக் காத்தாலயே ரெண்டு தடவை வாந்தி. வேலைக்குப் போவாதன்னேன், கேக்கல. உம் மேல பழி போட்டாங்க, நான் வாயைத் தொறக்கல. எல்லாரும் என்னைத் திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்."

"நீ நேத்தே வந்திருந்தா..."

லூர்து படுத்திருந்த பாயைக் காட்டினேன்.

"தெரியும் யக்கா"ன்னா. தலையை நிமிர்த்தவே இல்ல.

அவளை வெளியே தள்ளத்தான் கை போச்சு. உள்ள பிலோமினா முனகினா. நான் வழி விட்டேன். கன்னியம்மா அவளைத் தொட்டுப் பார்த்துட்டு, "தண்ணி குடுத்தியா?"ன்னா. இல்லன்னேன். நொய்யரிசி கொஞ்சம் முந்தானையில முடிஞ்சு கொண்டுவந்திருந்தா. குழையக் காய்ச்சி, உப்புப் போட்டு, வடிச்ச கஞ்சித்தண்ணியைச் சொட்டுச் சொட்டா வாயில விட்டா. வாந்தி எடுத்தாலும் மறுபடியும் விட்டா. ரெண்டு நாள் கன்னியம்மா அவ பக்கத்தை விட்டு எழுந்திருக்கல. மூணாம் நாள் பிலோமினா கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா"ன்னா. அப்பத்தான் நான் முட்டி போட்டேன்.

அதோட நிக்கல. கன்னியம்மா ஜல்லிக்கூட்டத்துக்கு நேராப் போய், எல்லார் முன்னாடியும் நடந்ததைச் சொன்னா. ரெண்டு பேரு அவளைக் கேவலமாத் திட்டினாங்க. அச்சை உடைச்சவங்கள்ல ஒருத்தரு மட்டும் பத்து நாள் கழிச்சு புது அச்சு செதுக்கிக் கொண்டுவந்து மாட்டினாரு. என் முகத்தைப் பார்க்காம போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்த வண்டி எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டுச்சு. அவ கிண்டுவா, நான் ஓட்டுவேன். குடிக்கற தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆறவெச்சுத்தான் குடுத்தோம்.

லூர்துவை ஏன் எடுத்துக்கினாருன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. கல்லறைத் திருநாளுக்குப் போய் நிக்கறப்போ கேக்கத்தான் செய்யறேன். பதில் வரல. ஆனா ஒரு மனுஷரை அனுப்புன்னு கேட்டேன், அனுப்பினாரு. அதுக்கு நான் சாகற வரைக்கும் நன்றி சொல்லுவேன்.

கஷ்டத்துல இருக்கறவங்களே, அழகான வார்த்தை வரலையேன்னு செபத்தை நிறுத்திடாதீங்க. கோபம் வந்தா கோபத்தோடயே கேளுங்க. அவரு தாங்குவாரு. அனுப்பற ஆளு உங்களுக்குப் பிடிச்ச ஆளா இல்லாம இருக்கலாம். இருந்தாலும் உள்ள கூப்பிடுங்க.