பூநாரை பார்க்கப் போன பொங்கல்

மரக்காணம் உப்பளத்தில் அருக்காணி வேலைக்கு வராத நாள் என்று ஒன்று கிடையாது. காய்ச்சலோடு வந்து கூடை தூக்குகிறவள். அப்படிப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் தீபாவளி முடிந்த கையோடு, "பொங்கல் லீவுல நானும் எங்க வூட்டுக்காரரும் கழுவெளி ஏரி நடுவுல இருக்கற திட்டுல போயித் தங்கப் போறோம்" என்று சொன்னதும், பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னாடி, சினிமாவுல வர்ற மாதிரி ஜோடியா கெளம்பிட்டீங்களா? அங்க இன்னா இருக்குது? மணலும் முள்ளுச் செடியும்!"

"பூநாரை இருக்குது. உன் மூஞ்சி இல்ல. அது போதும் எனக்கு."

சிரிக்கிற விஷயமா அது? அவள் புருஷன் சுப்ராயன் இருபத்திரண்டு வருஷம் உப்புப் பாத்தியில் நின்றவன். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. அந்த வெளிச்சமே அவன் கண்ணைத் தின்றுவிட்டது. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் அருக்காணியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மங்கிக்கொண்டேதான் போகும், பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்றார். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவன் சொன்ன கதை. இளவட்டமாக இருந்தபோது நண்டு பிடிக்கப் போய்த் திட்டில் படுத்திருந்தானாம். விடியும்போது அத்தனை பூநாரையும் ஒன்றாகக் கிளம்பியதாம். இறக்கைக்கு அடியில் அப்படிச் சிவப்பாம், திட்டே தீப்பிடித்த மாதிரி. "உனக்கு ஒரு தரம் காட்டறேன்" என்றான். எங்கே காட்ட? உப்பு விளைகிற காலத்தில் லீவு கிடையாது. மழைக்காலத்தில் கூலி கிடையாது. அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது.

படகோட்டி சடையப்பனிடம் சொல்லி வைத்தாள். நாலு கோணியைச் சேர்த்துத் தைத்துக் கூடாரத்துக்கு விரிப்பு செய்தாள். சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்பதால் குடிக்க இரண்டு பானைத் தண்ணீர், மூங்கில் கழி, காய்ந்த விறகு, கொஞ்சம் கருவாடு. சாயங்காலமானால் அவனும் கூட உட்கார்ந்து திட்டம் போடுவான்.

"கயிறு மறந்துடாத. காத்து பிச்சிக்கினு போயிடும்."

மார்கழியில் பாத்தி மிதிக்கிற வேலை வந்தது. ஆட்கள் வரிசையாகக் கோலூன்றி நின்று, பாத்தியின் தரை இறுகும் வரை சேற்றை மிதிப்பார்கள். எல்லாரும் தாண்டிப் போன இடத்தில் சுப்ராயன் நின்று, "இங்க இன்னும் எளக்கமா இருக்குது" என்பான். கால் வைத்துப் பார்த்தால் இருக்கும். அருக்காணிக்குப் பெருமை தாளவில்லை. வேலை விட்டு வரப்பில் வரும்போது அவள் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். ஊரே பார்க்க, இந்த வயதில்! திட்டுக்குப் போகிற பேச்சு மனுஷனுக்கு இளமையைத் திருப்பிவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சடையப்பன் வந்தான். சுப்ராயன் வீட்டில் இல்லை.

"யக்கா, இந்த வருசம் மழை ஜாஸ்தி. திட்டைச் சுத்தி இடுப்பளவு தண்ணி நிக்குது. பூநாரைக்கு முழங்கால் தண்ணி வேணும். ஒண்ணுகூட எறங்கல. தண்ணி வடியட்டும், மாசியில போலாம்."

"மாசியில உப்பு வாரணும். எவன் லீவு குடுப்பான்? அதுவரைக்கும் அவரு கண்ணு இருக்குமா? ஒண்ணு ரெண்டாவது வரும். நீ படகை எடு."

பிடித்தால் பிடித்த பிடிதான் அவளுக்கு. பொங்கலன்று விடிகாலையில் வாசலில் பொங்கல் வைத்து, சூரியனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

வெயில் ஏறும் நேரத்துக்குப் படகு திட்டில் முட்டியது. வெறும் தண்ணீர். சாம்பல் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஒரு காக்கா மட்டும் முள்ளுச் செடியில் உட்கார்ந்திருந்தது. அவனுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று அருக்காணி வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

சுப்ராயன் எழுந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா! பாத்தியா அருக்காணி? நான் சொன்னனா இல்லியா? செவசெவன்னு எப்பிடி நிக்குது பாரு!"

சடையப்பன் வாயைத் திறந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

பாத்தியில் காலால் உணர்ந்து சொன்னதும், வரப்பில் தோளைப் பிடித்ததும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண் எப்போதோ போய்விட்டது. தெரிந்தால் இவள் இந்தப் பயணத்தை விட்டுவிடுவாளே என்று அவனும் சொல்லவில்லை. காட்டுகிறேன் என்று சொன்னதைக் காட்டிவிட வந்திருக்கிறான்.

"ஆமாங்க" என்றாள். "ரொம்ப அழகா இருக்குது."

"எத்தினி இருக்கும்?"

"எண்ண முடியலீங்க."

இரண்டு இரவு தங்கினார்கள். இரண்டு விடியலிலும் அவனை எழுப்பி உட்கார வைத்து, கிளம்புது பாருங்க, கிளம்புது என்றாள். அவனும் பார்த்தான்.

காணும் பொங்கல் சாயங்காலம் கரையில் இறங்கியதும் அவன் கை காற்றில் துழாவியது. அவள் போய்த் தன் தோளை அதற்கு அடியில் வைத்தாள்.

தெருவில் முத்தம்மாள் கேட்டாள். "இன்னாண்ணே, நாரை பாத்தீங்களா?"

சுப்ராயன் நின்று கதை சொல்ல ஆரம்பித்தான். ஆட்கள் கூடிவிட்டார்கள். அருக்காணி வீட்டுக்குப் பின்னால் போனாள். உப்புக் காலத்துக்குக் கோணி வேண்டுமே. தானே தைத்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண்ணீர் மறைத்ததால் பாதித் தையலைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.