சௌம்யாவின் வயிறு ஒத்துக்கொண்ட வண்டி

ரத்தினசாமி ஹனூர்க்காரர். மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்துகொண்டு ஊதுபத்தித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவர் ஸ்கூட்டரில் போனால் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்தாறாம் வயதில் கார் ராலியில் இறங்குவது என்று முடிவெடுத்தார்.

காரணம் இருந்தது. புதியவர்களுக்கான அந்த ராலியில் வேகமாக வருகிறவருக்குப் பரிசு கிடையாது. சொன்ன வேகத்தில், சொன்ன நேரத்துக்கு வருகிறவருக்கே பரிசு. முந்தி வந்தால் மதிப்பெண் குறையும். தனக்கென்றே யாரோ ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருப்பதாக நினைத்து அன்றே பெயர் கொடுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து வழித்தாளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மனைவி சௌம்யா ஒத்துக்கொண்டாள். ஆனால் ஓடுகிற காரில் எதைப் படித்தாலும் அவளுக்கு வாந்தி வரும். ஆகவே என்ஜின், டயர் எல்லாம் பின்னுக்குப் போயின. அவள் வயிறு எதை ஏற்கிறதோ அதுதான் ராலி கார்.

மெக்கானிக் கெம்பையன் பழைய கார்களாகக் கொண்டுவந்தார். சாமுண்டி மலை வளைவுகளில் ரத்தினசாமி ஓட்டுவார். சௌம்யா அன்றைய பேப்பரை உரக்கப் படிப்பாள். பின்சீட்டில் கெம்பையன் பிளாஸ்டிக் பையோடு காத்திருப்பார். சின்னக் காரில் தங்கம் விலை வரை தாக்குப்பிடித்தாள். ஜீப்பில் தலைப்புச் செய்தியே முடியவில்லை. நீளமான காரில் ராசிபலன் வரை வந்தாள்; தன் ராசியைப் படித்ததும் பையைக் கேட்டாள்.

"பேடா சார், வேணாம். அக்காவை விட்டுடுங்க. என் மச்சானைக் கூட்டிட்டுப் போங்க," என்றார் கெம்பையன்.

"நான் ஓட்டுறப்ப தூங்காத ஒரே ஆளு அவதான்," என்றார் ரத்தினசாமி.

கடைசியில் ஒரு வெள்ளை வேன் வந்தது. முன்னால் மூக்கில்லாத வண்டி. உயரமான சீட்டிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு நேர் கீழே ரோடு. சௌம்யா முதல் பக்கத்தில் தொடங்கி டெண்டர் அறிவிப்புகளையும் விடாமல் படித்து முடித்து, மலை உச்சியில் பசிக்கிறது என்றாள்.

கெம்பையன் தலையைச் சொறிந்தார். "ஒரு விஷயம் சார். இது முன்னாடி பாடி வண்டி."

"எல்லா வண்டிக்கும் பாடி இருக்குமே?"

"அந்த பாடி இல்ல சார். செத்த பாடி."

சௌம்யா பின்னால் திரும்பிப் பார்த்தாள். "அவங்க யாராச்சும் வாந்தி எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

வேனை வாங்கிவிட்டார்கள்.

ராலி மைசூரில் கிளம்பி, சாமராஜநகர் வழியாக ஹனூரில் முடிகிறது. புதுப் பெயின்ட்டுக்கு அடியில் 'சவ வண்டி' என்ற பழைய எழுத்து லேசாகத் தெரிந்தது. லாரிகள் ஒதுங்கின. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தன்னைப் பார்த்து உலகம் வழிவிடுவது ரத்தினசாமிக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஹனூர் நெருங்கும்போது, அவருடைய சித்தப்பா மல்லப்பன் நடுரோட்டில் கையை விரித்து மறித்தார்.

"ரத்னா! யாருடா போனது?"

"யாரும் போகலீங்க சித்தப்பா. இது ராலி."

"ராலியா? அது யாரு, நம்ம பங்காளியா?"

"சொன்ன நேரத்துக்கு அங்க இருக்கணுமுங்க மாமா, வழி விடுங்க," என்று சௌம்யா பதறினாள்.

"அப்ப எடுக்கிறதுக்கு நேரமும் குறிச்சாச்சு!" என்று மல்லப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறினார். அவர் ஏறுவதைப் பார்த்து பஸ்ஸுக்கு நின்றிருந்த உறவினர்களும் அழுதுகொண்டே ஏறினார்கள். இறக்கிவிட்டு வாதாட நேரமில்லை. ரத்தினசாமி வண்டியை எடுத்தார்.

முடிவிடத்தில் நேரம் குறிக்கும் கிருஷ்ணராஜ் வேனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பின்கதவு திறந்து ஒரு கூட்டமே இறங்கியதும் அதை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நேரத்துக்குக் கச்சிதமா வந்திருக்கீங்க சார். ஆனா வண்டியில ரெண்டு பேருதான் இருக்கலாம்," என்று பட்டியலில் அவர்கள் எண்ணை அடித்துவிட்டார்.

ரத்தினசாமிக்குக் கண் கலங்கியது. "கச்சிதமான்னு சொன்னாருல்ல?" என்று சௌம்யாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

யாரும் சாகவில்லை என்பதை மல்லப்பன் இன்றுவரை ஏற்கவில்லை. பெரிய இடத்துச் சாவு, மூடி மறைக்கிறார்கள் என்கிறார். அடுத்த ராலிக்குத் தம்பதி பின்கதவில் பூட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். ஏழாவதாக வந்தார்கள்.