மிஸ் போயிட்டாங்க

எங்கள் வகுப்பு மிஸ்ஸை ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் சாகடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டே இரண்டு பெங்காலிச் சொற்களால் நடந்துவிட்டது. அதுவும் அம்மாவின் போனில், அம்மாவின் பெயரில். அரைமணி நேரத்தில் மிஸ் பிழைத்து வந்துவிட்டதால்தான் இதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடிகிறது.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். லோக்கல் ரயில் ஓடாமல் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவுக்கு மத்திய அரசாங்க உத்தியோகம். திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அவர் படுக்கையறையில் ஆபீஸ் வைத்திருந்தார், நான் சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடம் வைத்திருந்தேன். அம்மா மட்டும் எங்கேயும் போக இடமில்லாமல் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள்.

காலை ஒன்பதரைக்கு வகுப்பு ஆரம்பிக்கும். ஒன்றரை மணி நேரம் மிஸ் நன்றாகத்தான் நடத்துவார். பதினொன்று அடிக்கப் போகும்போது அவர் குரலில் ஒரு அவசரம் வந்துவிடும். "சில்ட்ரன், பக்கம் நாற்பத்திரண்டு. இண்டிபெண்டன்ட் வொர்க். நீங்களே செய்யுங்க. ஆஸ்ச்சி!" என்பார். அவருடைய கட்டம் திரையிலிருந்து மறைந்துவிடும். பன்னிரண்டரை வரைக்கும் நாங்கள் முப்பத்தைந்து பேர், எங்களுக்கு நாங்களே.

ஆஸ்ச்சி என்றால் வருகிறேன் என்று அர்த்தம். வங்காளிகளும் நம்மைப் போலத்தான், கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவின் ஆத்திரமே அந்தச் சொல்லின் மேல்தான். "வாரேன்னு சொன்னா வரணும்லா? இவ என்னடான்னா பன்னெண்டரைக்கு எட்டிப் பாத்து பை சொல்லுதா" என்பாள்.

"பிள்ளைங்க சுதந்திரமா வேலை செய்யட்டும்னு விடுதாங்க" என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"இந்த வீட்டுல சுதந்திரமா வேலை செய்யுத ஆளு நான் ஒருத்திதான். அதுக்கு யாரும் பீஸ் வாங்கல."

பெரியவர்களின் கவலை பெரியவர்களுக்கு. எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தினசரித் திருவிழா. மிஸ்ஸின் கட்டம் மறைந்த அடுத்த நொடியில் முப்பத்தைந்து மைக்கும் திறந்துகொள்ளும். ஒருத்தன் நாயைத் தூக்கிக் காட்டுவான். ஒருத்தி தாத்தாவின் பல்செட்டைக் காட்டுவாள். என் உயிர்த்தோழி ரூமி நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுவாள், எங்களுக்கு அவளுடைய முழங்கால் மட்டும் தெரியும், அதற்கே கை தட்டுவோம். பக்கம் நாற்பத்திரண்டை அந்த வருஷம் யாரும் திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பதினொன்று எப்போது அடிக்கும் என்று காலையில் பல் தேய்க்கும்போதே கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அந்தத் திருவிழாவுக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் ரூமியின் அம்மா. பெற்றோர்கள் சேர்ந்து மிஸ் இல்லாத வாட்ஸ்ஆப் குரூப் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் அவள்தான் தலைவி. வேகமாகப் பேசுவாள், எழுதினால் அதைவிட வேகம், எல்லாம் பெங்காலி எழுத்தில். அவள் ஒரு திட்டம் போட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு வீட்டார் மிஸ் எழுந்து போகும் நேரத்தைக் குரூப்பில் உடனுக்குடன் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த ஐந்து சாட்சியையும் வைத்துத் தலைமை ஆசிரியைக்குக் கடிதம், மிஸ்ஸை மாற்றச் சொல்லி. மாற்றினால் மிஸ்ஸுக்கு வேலையே போகும் என்று அப்பா சொன்னார். அந்த வருஷம் பள்ளிக்கூடங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. பதிலுக்குப் பக்கத்து செக்‌ஷன் ஸார் வருவார் என்று ரூமி சொன்னாள். அவர் எல்லோரையும் கேமராவைப் போடச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பாராம். எனக்கு முதல் செய்தி காதில் ஏறவில்லை. இரண்டாவதுதான் ஏறியது. கடிதம் போகக் கூடாது என்று பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன்.

புதன்கிழமை எங்கள் வீட்டு முறை.

அன்றைக்குப் பார்த்து அம்மா கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை உளுந்து. மிஸ் "ஆஸ்ச்சி" சொன்ன சத்தம் கேட்டதும் அங்கிருந்தே கத்தினாள். "ஏட்டி, போயிட்டாளா?"

"போயிட்டாங்கம்மா."

"என் போனை எடு. குரூப்புல மிஸ் போயிட்டாங்கன்னு போடு. இங்கிலீஷ்ல போட்டா ஒருத்தியும் பாக்க மாட்டா. பெங்காலியில போடு, ஒனக்குத்தான் எழுதத் தெரியும்லா."

அவ்வளவுதான். கடிதமாவது ஸாராவது, சாமியாவது. அம்மா என்னைப் பெங்காலியில் எழுதச் சொல்லிவிட்டாள்! எனக்கு உச்சந்தலை குளிர்ந்துபோயிற்று. எங்கள் வீட்டில் அந்த எழுத்து படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் நானே கற்றது. பெங்காலி ஸார் அந்த வருஷம் முழுக்கப் பாடத்தை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அதோடு சரி. மளிகைக் கடைக்காரர் பொரி கட்டித் தரும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதுதான் உயர்ந்த பெங்காலி என்பது என் கண்டுபிடிப்பு. அந்த வருஷம் பேப்பரில் அடிக்கடி பெரிய எழுத்தில் வந்த சொற்கள் இரண்டு: சோலே கேலேன். போய்விட்டார் என்று அர்த்தம். யாராவது நடிகர், யாராவது பாடகர், பெரிய போட்டோ, மேலே சோலே கேலேன். பிரபலமான ஆட்கள் எங்கேயோ கிளம்பிப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஆகவே, மிஸ்ஸுக்கும் ஒரு மரியாதை இருக்கட்டுமென்று, தலைப்புச் செய்தி மாதிரியே எழுதினேன். மிஸ் சோலே கேலேன். அனுப்பினேன். போனை மேசைமேல் வைத்துவிட்டு ரூமியின் முழங்காலைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. போன் உறும ஆரம்பித்தது. டிங் டிங் டிங் என்று நிறுத்தாமல். அம்மா "என்னட்டி இது, எல்லாரும் இவ்வளவு சந்தோசப்படுதாளுவளா?" என்றாள். அதற்குள் ரூமியின் அம்மாவே கூப்பிட்டாள். அம்மா உளுந்துக் கையை மேலே தூக்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரே அழுகை. "திதி, கீ ஷுன்ச்சி!" அக்கா, என்ன கேள்விப்படறேன்! மிஸ் எப்படிப் போனாங்க?

அம்மாவுக்குத் தெரிந்தது மார்க்கெட் பெங்காலி. கத்தரிக்காய் விலை கேட்கப் போதும், சாவு கேட்கப் போதாது. ஆனாலும் அழுகை புரிந்துவிட்டது. "ஐயோ, மிஸ்ஸா? எப்ப? எப்படி?" என்று இவள் கேட்க, "அதைத்தான் நான் உங்ககிட்ட கேட்கறேன் திதி" என்று அவள் கேட்க, ஒருத்திக்கு ஒருத்தி துக்கம் விசாரித்து இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். போன் வைத்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க! மிஸ் போயிட்டாவளாம்! பதினோரு மணிக்குக்கூட சத்தம் கேட்டேனே. தங்கமான மனுசி. அவுக சத்தமே ஒரு சங்கீதம் மாதிரி இருக்கும்."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வரை 'அவ'. இப்போது 'அவுக'.

அப்பா ஹெட்போனோடு ஓடிவந்தார். அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தார். குரூப் முழுக்கக் கூப்பிய கைகள், விளக்குகள், ஓம் சாந்தி. யாரோ ஒரு அப்பா, வகுப்பு நடக்கும்போது எடுத்த படத்துக்கு மாலை போட்டு ஏற்றிவிட்டார். அதில் மிஸ் வாயைப் பாதி திறந்து ஏதோ பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நானும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சொன்னால் வெட்கம், நிஜமாகவே அழுதேன்.

அப்பா மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனார். முதல் செய்தியில் விரல் நின்றது. "இதை யாரு போட்டா?"

"எவளோ புண்ணியவாட்டி" என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உன் நம்பர்லா இது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானம்மா போடச் சொன்னே" என்றேன். "மிஸ் போயிட்டாங்கன்னு."

அப்பாவுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. "தமிழ்லயும் அதுக்கு அதானட்டி அர்த்தம்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டதில் உளுந்து மாவு நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது. அந்தக் கோலத்திலேயே மிஸ்ஸைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. உயிரோடு இருப்பவருக்கு எத்தனை போன் வருமோ தெரியாது, செத்துப்போனவர் எண்ணுக்கு அன்றைக்கு ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ கிடைத்தது. எடுத்தது ஒரு சின்னப் பெண். இரண்டாம் வகுப்பு இருக்கும். கோபமான கோபம்.

"யார் நீங்க எல்லாரும்? ஏன் போன் பண்ணிட்டே இருக்கீங்க? ஒவ்வொரு தடவையும் என் கிளாஸ் கட் ஆகுது. எங்க மிஸ் என்னைத் திட்டறாங்க."

அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். "அவ அம்மா எங்கன்னு கேளு, சீக்கிரம் கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். "அம்மா சமையல் பண்ணுது. கூப்பிட முடியாது. அம்மாவோட கிளாஸ் பதினோரு மணி வரைக்கும்தான். பதினொண்ணுலேர்ந்து போன் என்னோடது. அப்படித்தான் பேச்சு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

நான் அதையும் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அம்மா நெற்றி மாவை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "ஒத்தப் போனுதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

அப்பா குரூப்பில் இங்கிலீஷில் எழுதினார். மிஸ் நலம், என் மகளின் மொழிப் பிழை, மன்னிக்கவும், மிஸ் வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவரை நிற்காமல் அடித்துக்கொண்டிருந்த குரூப் அப்படியே வாயடைத்துப்போனது. முப்பது பேர் படித்ததாகக் காட்டியது. பிறகு ரூமியின் அம்மா கூப்பிட்டு அம்மாவைத் திட்டினாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "திதி, இப்பத்தானே தெய்வம்னு எழுதினேன். இனி எந்த முகத்தோட கம்ப்ளைன்ட் எழுதுவேன்?" என்றாள். அவள் எழுதாமலும் இல்லை. வெள்ளிக்கிழமை கடிதம் போயிற்று, வகுப்பை எட்டு மணிக்கே ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடித்துவிடுங்கள் என்று. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் திருவிழா ஒழிந்தது.

அதற்கு நடுவில் வியாழக்கிழமை ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு ஒருத்தர் விடாமல் வகுப்புக்கு வந்திருந்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையின் தலைக்குப் பின்னால் ஒரு புடவையோ பனியனோ தெரிந்தது. மிஸ் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். "குட் மார்னிங் சில்ட்ரன். பேய்க்குக் குட் மார்னிங் சொல்ல மாட்டீங்களா?" என்றதும் நாங்கள் போட்ட கூச்சலில் அப்பாவின் மீட்டிங்கே நின்றுவிட்டது.

அவர் இறந்தது தெரிந்து, வீட்டார் பார்க்கட்டும் என்று, பாதிப் பேர் அவருடைய நம்பருக்கே இரங்கல் அனுப்பியிருந்தார்கள். மிஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். தாதா என்றால் அண்ணன், இங்கே மிஸ்ஸின் வீட்டுக்காரர். "'தாதா, மனசைத் தளர விடாதீங்க. உங்க மனைவி எங்க பிள்ளைகளுக்கு இன்னொரு அம்மா.' இது ரூமியோட அம்மா. ரூமி, அம்மாகிட்ட சொல்லு, தாதா தளரவே இல்லை, காலையிலேர்ந்து மூணு டீ கேட்டாச்சு." ரூமி நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டாள். "'இவ்வளவு பொறுமையான டீச்சரை நாங்கள் பார்த்ததில்லை.' அடடா, இதை அனுப்பினவர் போன மாசம் எனக்கு வேற மாதிரி ஒண்ணு அனுப்பியிருந்தாரே!" எங்களுக்கு வயிறு வலித்தது. இன்னொன்று, இன்னொன்று என்று கத்தினோம். பள்ளிக்கூடம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"சரி, ஒண்ணே ஒண்ணு" என்று மிஸ் எடுத்தார். "'மேடம், இத்தனை நாளில் நாங்கள் ஒரு தடவைகூட உங்களுக்கு நன்றி...'"

அதற்குமேல் வரவில்லை. மிஸ்ஸின் படம் மறைந்தது. கட்டம் கறுப்பானது. மைக்கில் குறுக்குக்கோடு விழுந்தது.

"மிஸ்! வீடியோ ஆஃப்! மிஸ், சத்தம் வரல!" முப்பத்தைந்து பேரும் அலறினோம். எல்லோரையும் விட எனக்குத்தான் தொண்டை பெரிசு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "அம்மா, மிஸ்ஸுக்கு நெட் போயிடுச்சு!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். "கத்தாதட்டி" என்றாள். அவள் குரல் என்னவோ போல் இருந்தது. "நெட்டெல்லாம் இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா இரி."

எங்கள் வீட்டில் வைஃபை பெட்டியைத் தொடவே பயப்படுகிற ஆள் அம்மா. எங்கேயோ இருக்கிற மிஸ் வீட்டில் நெட் இருக்கிறதென்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.