எதை மறைத்தாய் என்று கேட்டவர்

காரைக்குடி ஆஸ்பத்திரியில் என் தம்பி டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபோது, ஜெபிக்க வந்தார் ஒரு சபை ஊழியர். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். பேசும்போது வேதப்புத்தகத்தை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்.

"எபிரெய வேதத்துல சிறுநீரகம்னா மனுசன் ரகசியத்தை வைக்கிற இடம் தம்பி. ஆண்டவர் அதைத்தான் சோதிக்கிறாரு. எதை மறைச்சிருக்கீக?"

சாகப் பயந்து கிடந்தவன் யோசித்தான். என்றோ வேறொருத்தியோடு இருந்ததை மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னான். அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தவளே அவள்தான். மறுநாள் முடியாதென்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேறு சிறுநீரகம் கிடைக்காமலே இறந்த தம்பியின் அடக்கத்தன்று ஊழியரின் சட்டையைப் பிடித்தேன். "கொன்னுட்டீகளேய்யா!"

"சுத்தமாத்தானே போனாரு," என்றார், புத்தகத்தைத் தட்டியபடி. அவர் கண்ணில் துளிப் பொய் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.